உழக்கெண்ணெய் ஈஸ்வரர் மாடியில் எரிந்த விளக்கு

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறப் போகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், பக்கத்துப் பாறைமேல் இருக்கும் பழைய கோயிலுக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே இருக்கிறது அந்தக் கோயில். 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கட்டியது. போன தடவை அக்கா மகனைக் கூட்டிப் போயிருந்தேன். "ஏன் மாமா, இதுக்குக் கோபுரமே இல்ல?" என்றான். கருவறைக்கு மேலே இருந்த கோபுரம், அதாவது விமானம், எப்போதோ போய்விட்டது, மொட்டைத் தளம்தான் மிச்சம். 1887இல் வெள்ளைக்காரர்கள் விளக்கேற்றியது அந்தத் தளத்தின் மேல்தான். இப்போது எல்லோரும் ஏறும் வட்டக் கல் கோபுரம் 1904இல்தான் வேலைக்கு வந்தது.

கோயிலின் பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒலக்கணேஸ்வரர் என்று பலகையில் படித்தால் ஒன்றும் புரியாது. உழக்கெண்ணெய் ஈஸ்வரர் என்று சொல்லிப் பாருங்கள். விளக்கெரிக்க வீட்டுக்கு ஓர் உழக்கு, அதாவது கால்படி எண்ணெய் கொடுத்ததால் வந்த பெயராம். கதையோ நிஜமோ, கடலைப் பார்த்த பாறைமேல் இருக்கும் சாமிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அப்புறம் 'கலங்கரை' என்ற சொல். கரை என்றதும் கடற்கரை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இது காக்கை கரைகிறதே, அந்தக் கரை. கலத்தை, அதாவது கப்பலைக் கூப்பிடும் விளக்கு. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் தொண்டை நாட்டு நீர்ப்பெயற்றுத் துறையைச் சொல்லும்போது 'ஓடுகலம் கரையும் துறை' என்றே வருகிறது. வானத்துக்கு முட்டுக் கொடுத்த தூண் மாதிரி உயர்ந்த மாடம், ஏற முடியாத உச்சி, அதற்குச் சாத்திய ஏணி, இரவில் மூட்டிய தீ எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன. நீர்ப்பெயற்று மாமல்லபுரம்தான் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை.

சரி, கோபுரத்துக்கு வருவோம். உள்ளே சுற்றுப்படி. மேலிருந்து ஆள் இறங்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கல் மட்டும் வெயில் நேரத்திலும் ஜில்லென்று இருந்தது. கடைசித் துண்டு படியே இல்லை, ஏணிதான் என்று சொல்லலாம். குனிந்துதான் வெளியே வர முடியும். முட்டி வலிக்காரர்கள் கீழேயே இளநீர் குடித்துக்கொண்டிருப்பது உத்தமம்.

மேலே போனதும் எல்லோரும் கடற்கரைக் கோயிலைப் பார்த்துத் திரும்பி செல்ஃபி எடுக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் இரண்டு எடுத்தேன். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் தெரிகிறது. பையனைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி, கீழே அந்த மொட்டைத் தளத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எண்ணெயை எப்படி மாமா அவ்ளோ மேல தூக்கிட்டுப் போயிருப்பாங்க?"

"ஏணி சாத்தியிருப்பாங்கடா" என்றேன்.