கட்டியவரின் பெயரைச் சொன்னால் குற்றமா?

அந்த வீடியோவை இங்கே பகிர மாட்டேன். எல்லோரும் பார்த்தாயிற்று. பெங்களூர் கப்பன் பூங்காவில் நின்று, அட்டாரா கச்சேரி என்ற பழைய சிவப்புக் கட்டடத்தைக் கைகாட்டி, "வெள்ளைக்காரன் கட்டினான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அந்தச் சுற்றுலா வழிகாட்டி. கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்று கீழே எழுதினேன். அவ்வளவுதான். "வந்துவிட்டார்கள், இனி விதான சௌதாவும் எங்களுடையது என்பார்கள்" என்று தமிழர்களைக் கேலி செய்தார் ஒருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

ஐயா, சட்டமன்றம் கூடும் விதான சௌதா முதலமைச்சர் கெங்கல் ஹனுமந்தையா எழுப்பியது, 1956-இல் முடிந்தது. அதை யார் கேட்டார்கள்? எதிரே சிவப்பாக நிற்கிறதே, அதைக் கட்டியவரின் பெயரைத்தான் சொல்கிறேன். திப்புவின் கோடைக்கால அரண்மனையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அரசு அலுவலகங்களுக்காக, பௌரிங் என்ற வெள்ளைக்காரர் மைசூர் கமிஷனராக இருந்தபோது எழுந்து, 1868-இல் முடிந்த கட்டடம் அது. பதினெட்டு இலாகாக்கள் அங்கே குடிபோயின. உயர் நீதிமன்றம் இன்றும் அங்கேதான்.

எங்கள் வீட்டு வழக்கு ஒன்று அங்கே வருடக்கணக்கில் இழுத்தது. வாய்தா நாளில் அப்பா கேஸ் கட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அல்சூரிலிருந்து கிளம்புவார். உள்ளே நுழையும்முன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணை ஒருமுறை தொடுவார். "முதலியார் கட்டியது" என்பார், என்னிடம் அல்ல, தூணிடம். அதே அப்பா கன்னடத்தில் அதட்டினால் டவாலி எழுந்து நிற்பார். வழக்கு தோற்றது, அது வேறு கதை.

வரைபடம் போட்டவர்கள் வெள்ளைக்கார இன்ஜினியர்கள்தானே என்கிறீர்கள். இருக்கட்டும், அவர்கள் பெயரையும் சொல்லுங்கள். கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் பெயர் எங்கே? நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் கூலியாட்கள்மேல் இந்தத் திடீர்ப் பாசம் முதலியார் பெயர் வந்த பிறகுதானே பொங்குகிறது? சாதிப் பெருமை பேசுகிறேனாம். அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சம்பாதித்த பணத்தில் முதலியார் தண்டுப் பகுதியில் (கன்டோன்மென்ட்) தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே படித்தவர்கள் தமிழர்கள் மட்டுமா?

1980-களில் இந்தக் கட்டடத்தையே இடிக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், பிழைத்தது. அப்போது யாரும் யாருடைய தாய்மொழியையும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஊரைவிட்டே அனுப்பத் தயாராகிவிடுகிறீர்கள். நான் பிறந்ததும் அல்சூர், அப்பா எரிந்ததும் அல்சூர். "ஓசூர் பஸ்ஸைப் பிடி" என்று எழுதியவரை நான் பிளாக் செய்யவில்லை. எந்த நிறுத்தத்தில் ஏற வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.