எங்கள் வீட்டுக் கொடி

அந்த ஸ்க்ரீன்ஷாட் உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். எங்கள் பால்கனியைக் கீழே நின்று படம் எடுத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் சுங்குடிப் புடவையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அபார்ட்மென்ட் குரூப்பில் செகரெட்டரி போட்டாரே, அதேதான். "விடுங்க மேடம், சின்ன விஷயம்" என்று நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள். விடத்தான் பார்த்தேன். முடியவில்லை.

ஏனென்றால் அதே குரூப்பில் நாலு பதிவு மேலே போய்ப் பாருங்கள். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம். கேட்டில் பத்தடி ஃப்ளெக்ஸ், 'கோ க்ரீன்' என்று. பச்சை பலூன்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிற, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டில் கேக். குழந்தைகள் கையில் பச்சைக் கொடி. அந்தக் கொடியை அசைத்து மூன்று நாள் ஆகவில்லை, எங்கள் வீட்டுக் கொடியை இறக்கச் சொல்கிறார்கள்.

நாங்கள் செய்த குற்றம் வெயிலில் துணி காயப்போட்டது. சென்னையில். ஜூன் மாதத்தில்.

"சிம்பிள், ஒரு ட்ரையர் வாங்கிடுங்க" என்று சி பிளாக் சார் லிங்க் அனுப்பினார். அன்றைய விழாவில் 'க்ரீன் ரெசிடென்ட்' கேடயம் வாங்கியவர் அவர்தான், மூங்கில் டூத்பிரஷ் உபயோகிப்பதற்காக. சார், ட்ரையரில் ஒரு தடவை துணி காயவைக்க ரெண்டு மூணு யூனிட் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ரெண்டு மாசத்துக்கு முப்பது தடவை. அறுபதிலிருந்து தொண்ணூறு யூனிட். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை எங்கள் வீட்டுப் பாவாடையும் துண்டுமே குடித்துவிடும். மேலே சூரியன் சும்மா நிற்கிறான், பில்லும் அனுப்புவதில்லை.

மொட்டை மாடியில் போடலாமே என்பீர்கள். பூட்டு. சாவி செக்யூரிட்டியிடம், செக்யூரிட்டிக்கு உத்தரவு செகரெட்டரியிடம். அந்த மாடியில் சோலார் போடலாம் என்று போன வருஷமே மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்கே, பொது விளக்கு, மோட்டார் வகையறாவுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது, லிஃப்டும் மோட்டாரும் அதில் ஓடுமே என்றேன். "குட் பாயின்ட் மேடம், அடுத்த வருஷாந்தர மீட்டிங்ல எடுத்துக்கலாம்." எடுத்துக்கொண்டார்கள், பெயின்ட் கலர் மாற்றும் தீர்மானத்தை. மழைநீர் சேகரிப்புக் குழியின் மேல் ஒரு பெரிய கார் நிற்கிறது, அதைப் படம் எடுத்து வட்டம் போட யாருக்கும் கை வரவில்லை. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த வருஷம் இதே குரூப்பில் லாரி எப்போது வரும் என்று ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் எல்லோரும்.

நம்ம ஊரில் யார் சொன்னாலும் எடுபடாது, அமெரிக்காவைச் சொல்கிறேன். அங்கேயும் இதே மாதிரி சங்கங்கள் இதே மாதிரி துணிக்கொடியைத் தடுத்திருக்கின்றன. ஃப்ளோரிடா, வெர்மான்ட் மாதிரி மாநிலங்கள் அப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டன. வெயிலில் துணி காயப்போடும் உரிமைக்குச் சட்டம்! பாட்டி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

இனி, வரப்போகிற கமெண்டுகள். "வீடு வாங்கும்போது ரூல்ஸில் கையெழுத்துப் போட்டீங்களே?" போட்டேன். நாற்பத்திரண்டு பக்கம். நீங்கள் படித்துவிட்டுத்தான் போட்டீர்களா? "கீழ் வீட்டு பால்கனியில் தண்ணி சொட்டுதே?" சரி, இது நியாயம். உள்பக்கமாக இழுத்துக் கட்டிக்கொள்கிறோம். கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"நீங்க மட்டும் ஏசி போடலையா?" இதைத்தான் எல்லோரும் கேட்பீர்கள் என்று தெரியும். போடுகிறேன். அம்மாவுக்கு எழுபத்தோரு வயது, மே மாதம் தூங்க வேண்டாமா? 26இல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓடவிடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினாலே சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது, அவர்கள் சொல்லித்தான் 2020இலிருந்து புது ஏசி எல்லாம் 24இல் ஆரம்பிக்கிறது. ஏசியிலிருந்து விழும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கிறோம். ஆர்ஓ கழித்துத் தள்ளும் தண்ணீரில் பாத்திரம் ஊறுகிறது. ரெண்டு ரூமில் மின்சாரம் கம்மியாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன், 75 வாட்ஸ் போய் 30 வாட்ஸ் ஆனது. ஹாலுக்கு மட்டும் இன்னும் வாங்கவில்லை, போனஸ் வரட்டும் என்று. ஆபீஸுக்கு மெட்ரோ, ஷேர் ஆட்டோ. இன்னும் என்ன சொல்ல வேண்டும்? என் வீட்டுக் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் காட்டட்டுமா? ஒரு புடவையைக் காயப்போட இத்தனை சாட்சி வேண்டியிருக்கிறது.

சரி, உண்மையில் எது சுட்டது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். "பார்க்க ஹவுசிங் போர்டு மாதிரி இருக்கு." அதற்குப் பதினேழு லைக்.

நான் ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். கே.கே. நகர். ஒரு ரூம், ஒரு ஹால், ஐந்து பேர். எல்லா ஜன்னலிலும் கொடி, எல்லாக் கொடியிலும் துணி. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். அப்பாவின் வேட்டி கிழிந்தால் துண்டாகும், துண்டு கிழிந்தால் கரித்துணியாகும். நாலு அடுக்கு டிஃபன் கேரியர்தான் ஹோட்டலுக்குப் போகும். அதையெல்லாம் பசுமை வாழ்க்கை என்று யாரும் சொல்லவில்லை, பஞ்சப்பாட்டு என்றார்கள்.

உடனே பழம்பெருமை பேசுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. அடிபம்பில் தண்ணீர் அடித்து ரெண்டு மாடி தூக்கியது அம்மாதான், அப்பா இல்லை. அந்த முட்டிதான் இன்றைக்கு வலிக்கிறது. மின்சாரத்தை நாங்கள் மிச்சம் பிடித்தோம் என்றால், அம்மாவின் உடம்பைச் செலவழித்துப் பிடித்தோம். அதனால்தான் வாஷிங் மெஷினுக்கு நான் வெட்கப்படுவதில்லை. ஆனால் பிழிந்து எடுத்த துணியை உதறிப் போடுகிற அந்தப் பத்து நிமிஷம் அவளுக்குப் பிடிக்கும். எதிர் வீட்டு மாமியோடு பேசுவதே அப்போதுதான்.

வசதி இல்லாதவன் செய்தால் அசிங்கம், அதையே மூங்கில் பிடி போட்டு விற்றால் கேடயம். இதைக் கேட்டால் "எல்லாத்தையும் ஏன் மேடம் கிளாஸ் ப்ராப்ளமா ஆக்கறீங்க" என்பார்கள். நானா ஆக்கினேன்? அந்த 'ஹவுசிங் போர்டு' என்ற வார்த்தையை நானா எழுதினேன்?

அம்மாவுக்குப் படத்தைக் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். செக்யூரிட்டி அண்ணன் வந்து, பாவம், தலையைக் குனிந்துகொண்டு, "கொடியை அவுக்கச் சொன்னாங்கம்மா" என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு அவளே அவிழ்த்தாள். அப்புறம் சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான், "ஏன்டி, புடவை பழசா இருந்ததா?" என்றாள்.

இப்போது துணியெல்லாம் ஹாலில் நாற்காலி முதுகில் காய்கிறது. நேற்று ராத்திரி முழுக்க அந்தப் பழைய 75 வாட்ஸ் ஃபேன் ஃபுல் ஸ்பீடில் ஓடியது. ஹாலில் ஆள் யாரும் படுக்கவில்லை.

கமெண்டில் ட்ரையர் லிங்க் போடுபவர்களை ப்ளாக் செய்வேன்.