பட்டா இல்லாதவருக்கு எந்தக் கணக்கு?

"அணையை எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு மல்லண்ண சாகர்தான் நினைவுக்கு வரும். தெலங்கானாவின் சித்திபேட்டை மாவட்டத்தில் 50 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட நீர்த்தேக்கம். அங்கே ஆறு கிடையாது. கோதாவரித் தண்ணீரைக் கட்டம் கட்டமாக மேலே ஏற்றி, விளைநிலத்தைச் சுற்றிக் கரை எழுப்பித் தேக்குகிறார்கள். பழைய பிராணஹிதா-சேவெள்ளா திட்டத்தில் இதற்கு 1.5 டி.எம்.சி.தான். அதைக் காளேஸ்வரம் என்ற ஏற்றுநீர்ப் பாசனத் திட்டமாக மாற்றியபோது முப்பது மடங்குக்கு மேல் வீங்கிவிட்டது. வேமுலகட்டு, பல்லெபகாடு என்று ஊர் ஊராக உள்ளே போயின.

சித்திபேட்டைப் பக்கம் வறண்ட மேட்டு நிலம். தண்ணீரின் அருமையை அந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீர்த்தேக்கமே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். எடுப்பதென்றால் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி எடுங்கள் என்றவர்களும் இருந்தார்கள். அரசோ 2015 ஜூலையில் 123ஆம் எண் அரசாணையைப் போட்டு, நேரடிக் கிரயம் என்று கிளம்பியது. விற்பவர், வாங்குபவர், பத்திரப்பதிவு, தீர்ந்தது வேலை. 2013 சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடாவது ஒன்றாவது!

பட்டாதாரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் வந்துவிடும். அவருடைய பருத்திக்காட்டில் களையெடுத்த பெண்ணுக்கு? வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுதவருக்கு? ஊராருக்குத் துணி வெளுத்தவருக்கு? கிரயப் பத்திரத்தில் இவர்கள் பெயரை எழுத ஒரு வரிகூடக் கிடையாது. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் பிழைத்த கூலியாளும் குத்தகைதாரரும் கைவினைஞரும்கூட 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான் என்கிறது 2013 சட்டம். அரசு தாண்டிக் குதித்தது இந்த இடத்தைத்தான் என்பது என் எண்ணம். விலை குறைவு என்பது அதற்கு அடுத்த குறைதான்.

2016 ஜூலையில் நெடுஞ்சாலையை நோக்கிக் கிளம்பிய விவசாயிகள் மீது தடியடி நடந்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அரசாணையை ரத்து செய்தார். வழக்குப் போட்டவர்கள் நில உடைமையாளர்கள் அல்லர், வேறொரு திட்டத்தில் பிழைப்பு போன விவசாயக் கூலிகள். இதை யாரும் அதிகம் பேசவில்லை. ஆனாலும் நிலம் போனது. 2022 பிப்ரவரியில் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அந்தத் தண்ணீர்ச் சங்கிலியின் முதல் கண்ணியான மேடிகட்டா தடுப்பணையில் தூண்கள் கீழே இறங்கின.

தெலங்கானாக்காரர்கள் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2013 சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக நம் மாநிலமும் வழி கண்டது. அதில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, நிலம் எடுக்கும் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதம் அந்த மூன்று சட்டங்களுக்கும் மறுபடி உயிர்கொடுக்கும் புதிய மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அப்படிப் பிழைத்த மூன்றில் ஒன்று, 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம். பரந்தூரில் ஏரியும் வயலுமாக இருக்கும் நிலத்தை விமான நிலையத்துக்கு எடுப்பது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.