டெல்ஃப் பி2 ஃப்ரெஞ்சு சர்டிஃபிகேட் இருந்தா கனடா பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) கிடைச்சிருமா?

"டெல்ஃப் பி2 பாஸ் பண்ணா போதும், கனடா பிஆர் பாயின்ட்ஸும் வேலையும் கன்ஃபர்ம்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, தப்புங்க. கனடா பிஆருக்கு பாயின்ட் போட்டு ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு ஃப்ரெஞ்சுல டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா ரெண்டே டெஸ்ட் தான் ஏத்துக்குவாங்க, அதோட ரிசல்ட் 2 வருஷம் தான் செல்லும். படிக்க, எழுத, பேச, கேட்க நாலுலயும் என்சிஎல்சி (கனடாவோட ஃப்ரெஞ்சு லெவல் அளவுகோல்) 7 வந்தா இங்கிலீஷ் ஸ்கோரைப் பொறுத்து எக்ஸ்ட்ரா 25 இல்ல 50 பாயின்ட், அதுவும் பாயின்ட் தான், வேலை ஆர்டர் இல்ல.

அப்போ டெல்ஃப் வேஸ்ட்டா? அதுவும் இல்ல. ஃப்ரான்ஸ் கல்வி அமைச்சகம் தர்ற சர்டிஃபிகேட், ஆயுசுக்கும் செல்லும், ஃப்ரான்ஸ் யுனிவர்சிட்டி அட்மிஷனுக்கு பி2 நல்லாவே உதவும், ரெஸ்யூம்லயும் மதிப்பு தான். ஆனா இன்டர்வியூல ஃப்ரெஞ்சுல கேள்வி கேட்டா வாயைத் திறந்து பேசணும்ல, பேப்பர் பேசாது.