ஒரே ஜாரில் எல்லாம்: எனக்குப் பாதி சம்மதம்

ஒரு ஜாவா லைப்ரரியோடு அதன் டிபென்டன்சிகளையும், அதாவது அது நம்பியிருக்கும் மற்ற லைப்ரரிகளையும், ஒரே ஜாரில் (ஜாவா கிளாஸ்களை மூட்டை கட்டிய கோப்பு) கட்டிக் கொடுத்துவிட்டால் தனி டெஸ்ட் எழுதுவது சுலபம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. புதிதாக வருபவர்களுக்கு அது வரம்தான். இங்கே பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்கள் குழுவில் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரு பிழையைத் தனியாக எடுத்துக் காட்டும் பத்து வரி டெஸ்டுக்காக ஒரு நாள் முழுக்க ஜார் தேடிக்கொண்டிருந்தார். ஜாவா டெஸ்டுகளை ஓட்டும் ஜேயூனிட் 5-இன் 'கன்சோல் ஸ்டாண்டலோன்' ஜாரைக் கொடுத்தேன். பில்ட் கருவிகளான மேவனும் வேண்டாம், கிரேடிலும் வேண்டாம். ஒரே கோப்பு, இரண்டு கட்டளை, டெஸ்ட் ஓடிவிட்டது.

ஆனால் பழைய கதை ஒன்று இருக்கிறது. ஜேயூனிட் 4-இன் ஜாருக்குள் ஒரு காலத்தில் டெஸ்ட் முடிவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஹாம்கிரெஸ்ட் என்ற லைப்ரரியின் கிளாஸ்களையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். நாம் தனியாகப் புது ஹாம்கிரெஸ்டைச் சேர்த்தால், கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) எது முன்னால் நிற்கிறதோ அதுதான் ஏறும். பழையது ஏறினால் 'நோ சச் மெத்தட் எரர்', அதாவது அப்படியொரு மெத்தடே இல்லை என்ற பிழை. நம் கோடில் தவறே இருக்காது, டெஸ்ட் மட்டும் விழும். இதற்காக நான் இரண்டு இரவு கண் விழித்திருக்கிறேன். கடைசியில் டிபென்டன்சி வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை! 4.11-இல்தான் ஹாம்கிரெஸ்டை வெளியே எடுத்தார்கள்.

அப்படி ஒரே ஜாரில் கட்டுவதென்றால், இந்த மோதல் வராமலிருக்க மேவன் ஷேட் பிளகினில் ரிலொகேஷன் போட்டு, உள்ளே போகும் பேக்கேஜ்களின் பெயரை மாற்றிக் கட்டுங்கள். அப்புறம், அந்த ஜார் டெஸ்டோடு நிற்கட்டும். புரொடக்‌ஷனுக்குள் புகுந்துவிட்டால், 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாகிங் லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது செய்ததுபோல, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு ஜாரின் வயிற்றையும் கிழித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.