மேசைத் துணி இல்லை, அது ருஷ்னிக்

போன மாதம் கனடாவில், வின்னிபெக் வடக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனைக்குப் போயிருந்தேன். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் வீட்டைக் காலி பண்ணுகிறார்கள். கரண்டி, கிறிஸ்மஸ் லைட் எல்லாம் குவிந்து கிடந்த மேசையில், சிவப்பும் கறுப்புமாகக் குறுக்குத் தையல் போட்ட நீளத் துணி ஒன்று. "மேசைத் துணி, 15 டொலர்" என்று சீட்டு. வாங்கிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டுப் பாபாவிடம் காட்டினேன். (உக்ரேனியர்களுக்குப் பாட்டிதான் பாபா. எங்கட தெருவில எல்லாருக்கும் அவ பாபா.)

கண்ணாடியைப் போட்டு இரண்டு முனையையும் தடவிப் பார்த்தா. நடுவில் சதக்காசு அளவில் ஒரு மஞ்சள் கறை. நகத்தால் சுரண்டி மணந்தா. "தேன்மெழுகு. கலியாண மெழுகுதிரி சொட்டினது. இது மேசைத் துணி இல்லை மகன், ருஷ்னிக்."

உக்ரேனியர்களின் கோயில் கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி நிற்பது இந்தத் துணியில்தான். சோடியின் கைகளைக் கட்டி, பாதிரியார் சிறு மேசையைச் சுற்றி மூன்று முறை கூட்டிப் போவதும் இன்னொரு ருஷ்னிக்கால்தான். கோயிலுக்குப் புறப்பட முன்னரே வீட்டில் தாய் தகப்பன் யேசு படத்தையும் மாதா படத்தையும் கையில் ஏந்தி ஆசீர்வதிப்பார்கள். அந்த இரண்டு படமும் பிறகு புது வீட்டுச் சாமி மூலைக்குப் போகும், மேலே ஒரு ருஷ்னிக்கைப் போர்த்தி.

பாபா வீட்டு மூலையிலும் இரண்டு படம் இருக்கிறது. கடதாசியில் அச்சடித்தது, தகரச் சட்டம். பழம்பொருள் வியாபாரி திரும்பியும் பார்க்க மாட்டான். பாபாவின் தாய் தகப்பன் 1947இல், ஜெர்மனியில் ரேகன்ஸ்பூர்க் அகதி முகாமில் கலியாணம் கட்டியவர்கள். முகாம் கட்டில் விரிப்பைக் கிழித்துத் தைத்ததுதான் அந்தப் படத்துக்கு மேலே கிடக்கிற ருஷ்னிக். ஓரத்தில் முகாம் முத்திரையின் மை இன்னும் மங்கலாய்த் தெரியுது. 1891 முதல் நிலம் தேடிக் கனடாவுக்கு வந்த முதல் உக்ரேனியர்களாவது மரப்பெட்டியோடு வந்தார்கள், இவர்களுக்கு அதுவும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது விலை கேட்கிற பழக்கத்தில்தான். "இது எவ்வளவு பெறும்?" என்றுதான் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்களாம். பட்டுத் தையல் என்றால் கண்ணாடிச் சட்டம், கட்டில் விரிப்பு என்றால் குப்பை. யார் தைத்தது, எந்த ஊர், யாருடைய கால் இதில் நின்றது? ஒருத்தரும் கேட்பதில்லை. தெரிந்தவர் கண்ணை மூடினால் ருஷ்னிக் மேசைத் துணியாகிப் போகும். நான் வாங்கியதற்கு நடந்தது அதுதானே. மியூசியத்துக்குக் கொடுத்தால் சரி என்கிறவர்களுக்கும் சொல்கிறேன், பெயரும் ஊரும் இல்லாத துணியை அவர்கள் என்னவென்று எழுதி வைப்பது? (என் அம்மாவின் கூறைச்சேலை 1995 இடப்பெயர்வில் போனது. துணி போனாலும் கதை என்னிடம் இருக்கிறது. இந்தத் துணிக்கு நிலைமை தலைகீழ்.)

அன்று மாதா படத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினோம். 1947 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு உக்ரேனிய எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் ஆங்கிலத்தில் என்னை எழுதச் சொன்னா. பேனையை எடுத்தேன். "பென்சில்! மை ஊறி மாதாவின்ர முகத்துக்கு வரும்." தாயின் பெயர், தகப்பன் பெயர், உக்ரேனில் தெர்னோபில் பக்கத்துக் கிராமத்தின் பெயர். கிராமத்தின் பெயரை இரண்டு தரம் பிழையாய் எழுதி, இரண்டு தரமும் அழிக்க வைத்தா.