சேலத்தில் ஏது கடல் என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் கடலாமைகளைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு, "சேலத்தில் ஏது கடல், உங்களுக்கு எதற்கு இந்தக் கவலை?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

என் அக்கா மகள் விலங்கியல் படித்துவிட்டு, பூம்புகாருக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் ஆமைக் கணக்கெடுக்கிறாள். இந்தப் பங்குனியில் இரண்டு நாள் அவளோடு போய்த் தங்கினேன். நம் கரையில் அதிகம் முட்டையிட வருவது பங்குனி ஆமைதான். தை, மாசியிலேயே வரத் தொடங்கிவிடும். இரவு பதினொரு மணிக்குக் கிளம்பினால் விடியும்வரை நடை. மணலில் சின்ன டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரி ஒரு தடம் இருந்தது. அதன் முடிவில் குழி. குழிக்குள் நூற்றுப் பதினாறு முட்டைகள். நாய்க்கும் நரிக்கும் முன்னால் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். அதையும் சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். நேரம் கடந்தால் கரு ஓட்டின் மேற்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். அவள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பக்குவத்தைப் பார்த்தபோது, கைக்குழந்தையோடு நடக்கிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

மறுநாள் பார்த்தது வேறு. ஓரிடத்தில் பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சி. குஞ்சுகள் வெளியே வந்தது விடியற்காலை. விருந்தினர்கள் வந்தது எட்டு மணிக்கு. அதுவரை அவை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நீந்துவது போலத் துடித்துக்கொண்டே இருந்தன. பிறந்த முதல் நாளில் நிற்காமல் நீந்தி ஆழ்கடலை அடைவதற்காக, முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து மிச்சம் வைத்துக்கொண்டு வந்த சக்தி அது. அதைத் தொட்டியிலேயே செலவழித்துவிட்டன. அப்புறம் வெயில் ஏறிய மணலில், மேலே பருந்து சுற்ற, படம் எடுத்து முடிக்கும்வரை ஊர்ந்தன. எனக்கு வயிறு எரிந்தது. "மாமா, இங்கே எதுவும் பேசிடாதீங்க" என்று அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் பேசுகிறேன். அந்தப் படங்களைப் பார்த்து நாம் எல்லோரும் இதயம் போடுகிறோம், ஆமையைக் காப்பாற்றியாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். காப்பாற்றவில்லை. 1987-இல் டெபோரா க்ரௌஸ், லாரி க்ரௌடர், ஹால் காஸ்வெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கக் கடலாமைகளைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முட்டை ஒவ்வொன்றையும் காப்பாற்றினால்கூட, வளர்ந்த ஆமைகள் வலையில் சாவது நிற்காவிட்டால் அந்த இனம் குறைந்துகொண்டேதான் போகும். யோசித்தால் புரியும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகும் என்பார்கள். அந்த ஒன்று முட்டையிடும் வயதுக்கு வர 10, 15 ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆபத்துகளையும் தாண்டி வந்த தாயை, கரையேறப் போகும் நேரத்தில் விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலையில் சிக்கவைத்துக் கொன்றுவிட்டு, அதன் முட்டையை மட்டும் பூப்போலத் தூக்கிக்கொண்டு போய் என்ன பயன்?

2025 ஜனவரியில் சென்னையிலும் அதையொட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், மீன் இல்லை. விசைப்படகின் மடி மணிக்கணக்கில் கடலடியை இழுத்துக்கொண்டு போகும்போது, உள்ளே மாட்டிய ஆமை மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. மடிக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். மீனும் இறாலும் கம்பி இடுக்கில் பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் மோதி மேலேயுள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். டெட் (TED), அதாவது ஆமை விலக்கும் கருவி என்பார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரியே ஒன்றை உருவாக்கியிருக்கிறது. திறப்பு வழியாக மீனும் கொஞ்சம் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் குறை. அது நியாயமான குறைதான். அந்த நட்டத்தை அரசு ஈடுகட்டட்டும். நம் கடலில் பிடிக்கும் இறாலை 2019-இல் அமெரிக்கா வேண்டாம் என்று நிறுத்தியதே நம் மடிகளில் இந்தக் கம்பிச் சட்டம் இல்லாததால்தான். அந்த இழப்பைவிடவா இது பெரிது?

இன்னொன்று. நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது, அதில் தவறில்லை. ஆனால் அது தொடங்கும்போது ஆமைகள் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும். தை முதல் பங்குனி வரை, முட்டையிட வரும் கரைகளையொட்டி மட்டுமாவது விசைப்படகுகளை உண்மையாகவே தள்ளி நிறுத்த வேண்டும். கட்டுமரமும் நாட்டுப்படகும் வைத்திருப்பவர்களை இதில் சேர்க்காதீர்கள். ஆமை மாட்டினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவோம் என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். அந்த வலையின் விலையும் சொன்னார்.

சரி, ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஒடிசாவின் ககிர்மாதாவில் 2021-இல் ஒரு ஆமையின் துடுப்பில் 03233 என்று ஓர் உலோக அடையாளம் மாட்டினார்கள். 2025 ஜனவரியில் அதே ஆமை மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் முட்டையிட ஏறியது. இரண்டு கரை ஆமைகளும் வேறு வேறு கூட்டம் என்று நினைத்திருந்ததை அந்தச் சின்ன உலோகத் துண்டு மாற்றி யோசிக்க வைத்தது. கரு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண், கீழே வர வர ஆண். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினால் நமக்குத் தெரியும் வித்தியாசத்தில் பாதிகூட வேண்டாம், ஒரு தலைமுறையே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டு வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று 2018-இல் கண்டார்கள். பொரிப்பகத்துக்கு நிழல்வலை போடலாமா, எவ்வளவு போடலாம் என்பதை என் அக்கா மகள் மாதிரி ஒருத்தி தினமும் வெப்பமானி வைத்துக் குறித்தால்தான் சொல்ல முடியும். அந்த வேலைக்கு அவளுக்குக் கிடைக்கும் சம்பளத்தை இங்கே எழுத மனம் வரவில்லை.

சேலத்தில் கடல் இல்லைதான். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நம் ஊருக்கு நடுவே ஓடி, நாம் கொட்டுவதையெல்லாம் வாரிக்கொண்டு காவிரிக்குப் போகிறது. காவிரி எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில், இது கடல் இறாலா வளர்ப்பு இறாலா என்று கேட்டேன். கடைக்கார அண்ணன் கையை நிறுத்திவிட்டு, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். கடல் இறால்தான், காலையில் ஐஸ் பெட்டியில் வந்தது என்றார். எந்த வலையில் பிடித்தது என்று கேட்டேன். அடுத்த முறை லோடு வரும்போது விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறும் போகிறேன்.